முள்ளெலியும் முள்ளம்பன்றியும்

அம்பத்தூர் ஓ.டி.யில் எங்கள் வீட்டுக்கு எதிர்வீட்டு மருமகளுக்குச் சீமந்தம் நடந்தபோது, நானும் என் சின்னவனும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தோம். வாத்தியார் மந்திரம் சொல்லிக்கொண்டே ஒரு முள்ளை எடுத்து அந்தப் பெண்ணின் கணவர் கையில் கொடுத்தார். ஒரு சாண் நீளம். கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட முள். அதனால் மனைவியின் தலையில் வகிடு எடுக்க வேண்டுமாம்.

"அம்மா, இது என்ன முள்?" என்று சின்னவன் உரக்கக் கேட்டான். அவனுக்குப் பத்து வயது. மெதுவாகப் பேசவே தெரியாது.

"முள்ளெலி முள்ளுடா" என்றேன் நான், எல்லாம் தெரிந்தவள் போல.

வாத்தியார் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "இல்லேம்மா, இது முள்ளம்பன்றி முள்."

"ரெண்டும் ஒண்ணுதானே?" என்றேன். சபையில் யாரும் பதில் சொல்லவில்லை. யாருக்கும் தெரியவில்லை என்பதுதான் உண்மை.

இத்தனைக்கும் நான் பிறந்தது முள்ளெலி ஊரில். சாத்தான்குளத்துக்குப் பக்கம், தேரிக்காட்டு ஓரம். கல்யாணமாகி அம்பத்தூருக்கு வந்து இருபத்துநாலு வருஷமாகிறது. இவருக்கு எஸ்டேட்டில் லேத் பட்டறையில் வேலை. மிஷின் சத்தத்திலும் பஸ் சத்தத்திலும் தேரியும் மறந்து போச்சு, முள்ளெலியும் மறந்து போச்சு. பத்தாவதில் விலங்கியல் பாடம் படித்தவள்தான் நானும். தவளையின் இருதயம் மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது!

சீமந்தம் முடிந்து, பிள்ளையும் பிறந்தது. ஆண் குழந்தை. இரண்டரை மாதத்தில் அதற்குச் சளியும் இருமலும் வந்தது. டாக்டரிடம் காட்டினார்கள். சாதாரண ஜலதோஷம்தான், பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பினார். ஆனால் பாட்டிக்கு மனசு ஆறவில்லை. மே மாத லீவில் நான் ஊருக்குக் கிளம்புகிறேன் என்று தெரிந்ததும் வாசலுக்கே வந்துவிட்டார்.

"உங்க ஊர்ப்பக்கம் முள்ளெலித் தோல் கிடைக்குமாமே? கக்குவானுக்கு ரொம்ப நல்லதாம். தேன்ல உரசி நாக்குல தடவினாப் போறுமாம். ஒரு துண்டு கொண்டு வாங்கோளேன், கைவசம் இருக்கட்டும். இல்லேன்னா சீமந்தத்துக்கு வாங்கின முள்ளே இருக்கே, அதை உரசிக் கொடுக்கலாமா?"

"பார்க்கறேன் மாமி" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன். எனக்குக் கை கால் சில்லென்று ஆகிவிட்டது. அதன் காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

வண்டலூரில் பார்த்தது

ஊருக்குப் போவதற்கு முன்னால் சின்னவனுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. "நிஜ முள்ளம்பன்றியைக் காட்டு" என்று தினமும் பிடுங்கல். ஒரு ஞாயிற்றுக்கிழமை புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு மூவரும் கிளம்பினோம். அம்பத்தூரில் ரயில் ஏறி சென்ட்ரல். அங்கே சாலையைக் கடந்து பார்க் ஸ்டேஷன். அங்கிருந்து செங்கல்பட்டு போகும் வண்டியில் வண்டலூர். ஸ்டேஷனில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் பூங்கா வந்துவிடும். செவ்வாய்க்கிழமை மட்டும் போய்விடாதீர்கள், அன்றைக்கு விடுமுறை.

இந்தப் பூங்காவின் கதையும் சுவாரஸ்யமானது. 1855-இல் எழும்பூர் மியூசியத்தை நடத்திவந்த எட்வர்ட் பால்ஃபர் என்ற ஸ்காட்லாந்து டாக்டர், மியூசியத் தோட்டத்திலேயே சில மிருகங்களை வைத்து ஆரம்பித்தாராம். பிறகு அது சென்ட்ரல் பக்கத்தில் இருந்த தோட்டத்துக்கு மாறியது. "மூர் மார்க்கெட்டுக்குப் பின்னால் சிங்கம் பார்த்தோம்" என்று என் மாமியார் சொல்வது அதைத்தான். எம்.ஜி.ஆர். முதலமைச்சராக இருந்த 1985-இல் வண்டலூருக்கு வந்தது. இப்போது 602 ஹெக்டேர், அதாவது ஆயிரத்தைந்நூறு ஏக்கருக்கு வரும்போல. நடக்க முடியாதவர்களுக்கு பேட்டரி வண்டி உண்டு. கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் அதில் ஏறிக்கொள்வது உத்தமம்.

முள்ளம்பன்றிக் கூண்டுக்கு முன்னால் நின்றோம். பகல் நேரம் அல்லவா, நிழலில் சுருண்டு படுத்து நல்ல தூக்கம். இது இரவில் நடமாடும் பிராணி. பகலெல்லாம் வளைக்குள்ளேதான் இருக்குமாம். வெகுநேரம் காத்திருந்த பிறகு எழுந்து நாலடி நடந்தது. அப்பப்பா, என்ன பெரிசு! நடுத்தர நாய் அளவுக்கு இருக்கிறது. வளர்ந்த முள்ளம்பன்றி பத்துப் பதினைந்து கிலோ எடை வருமாம். நம் வீட்டுக்கு ஒரு மாதத்துக்கு வாங்கும் அரிசி மூட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். கழுத்தில் குதிரையின் பிடரி மாதிரி நீண்ட மயிர். முதுகிலிருந்து பின்பக்கம் வரை அந்தக் கறுப்பு வெள்ளை முட்கள், சேலையைக் கொசுவி விட்டதுபோல் படிந்து கிடந்தன.

"அம்மா, அது முள்ளை அம்பு மாதிரி எய்யுமா?" என்று சின்னவன் இரண்டடி பின்னால் போனான்.

எய்யாது. நாமெல்லாம் சின்ன வயதிலிருந்து கேட்ட கதை அது. நடப்பது வேறு. எதிரி வந்தால் முள்ளம்பன்றி முதலில் முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு தன்னை இரண்டு மடங்கு பெரிதாகக் காட்டும். காலைத் தரையில் தட்டும். வாலில் உள்ள சில முட்கள் உள்ளே வெறும் குழாய். அவற்றை ஆட்டி கிலுகிலுப்பை மாதிரி சத்தம் போடும். அப்படியும் போகவில்லையென்றால் பின்பக்கமாகவே பாய்ந்து மோதும். முட்கள் தோலில் லேசாகத்தான் பிடித்துக்கொண்டிருப்பதால் எதிரியின் உடம்பில் குத்தித் தங்கிவிடும். புலிக்கும் சிறுத்தைக்கும்கூட முகத்தில் முள் ஏறிப் புரையோடி, வேட்டையாட முடியாமல் போனதுண்டு. கழன்ற இடத்தில் புது முள் முளைத்துவிடும், நமக்கு உதிர்ந்த தலைமுடி முளைப்பதுபோல. (நமக்கு இந்த வயதில் முளைப்பதில்லை, அது வேறு விஷயம்!)

அதன் முன்பற்களையும் கவனித்தேன். உளி மாதிரி நீளம், ஆரஞ்சு நிறம். அவை ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்குமாம். தேய்க்கா விட்டால் வாயை மூட முடியாது. அதனால் மரப்பட்டை, வேர், காட்டில் கிடக்கும் எலும்பு என்று எதையாவது கடித்துக்கொண்டே இருக்கும். எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்தும் கிடைத்துவிடுகிறது. கிழங்கு, காய், நிலக்கடலை, தென்னங்குருத்து இவையெல்லாம் சாப்பாடு. விவசாயிகளுக்கு அதன்மேல் கோபம் வருவதும் இதனால்தான்.

இப்படி வளர்ந்துகொண்டே இருக்கும் முன்பல் வேறு யாருக்கு உண்டு? எலிக்கு! அணிலுக்கு! ஆமாம் சகோதரிகளே, பெயரில் பன்றி இருந்தாலும் முள்ளம்பன்றி எலிக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். கொறிக்கும் பிராணி. பன்றிக்கும் அதற்கும் எந்த உறவும் கிடையாது.

இன்னொன்று கேட்டு எனக்கு ஆச்சரியமாகப் போய்விட்டது. ஆணும் பெண்ணும் ஜோடி சேர்ந்தால் பிரியாமல் ஒரே வளையில் சேர்ந்தே குடித்தனம் நடத்துமாம். குட்டி பிறக்கும்போதே கண் திறந்திருக்கும். முள்ளும் இருக்கும், ஆனால் மிருதுவாக. தாய்க்கு நோகாமல் பிறந்து, காற்றுப் பட்ட பிறகுதான் விறைக்கிறது. இவரிடம் இதைச் சொன்னேன். "சரி, சரி, தயிர்சாதத்தை எடு" என்றார்.

தேரிக்காட்டில் பார்த்தது

அடுத்த வாரம் நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறித் திருநெல்வேலி, அங்கிருந்து பஸ்ஸில் சாத்தான்குளம், பிறகு ஊர். தேரி என்றால் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: கண்ணுக்கெட்டிய தூரம் குங்குமத்தைக் கொட்டிவைத்தது மாதிரி செக்கச் செவேலென்று மணல். மணலோடு இரும்புச் சத்து கலந்திருப்பதால் அந்த நிறம். அங்கங்கே பனை, உடைமரம், முந்திரி. ஆடி மாதக் காற்றில் மணல் மேடுகள் இடம் மாறும். கொஞ்சம் தள்ளித்தான் கற்குவேல் அய்யனார் கோயில். கார்த்திகை மாதத்தில் நடக்கும் கள்ளர் வெட்டுத் திருவிழாவுக்கு ஜனம் கூடும் கோயில் அது.

அத்தை வாசலிலேயே நின்றிருந்தாள். அப்பாவின் மூத்த அக்கா. எண்பதைத் தாண்டிவிட்டாள். முகத்தைத் தடவிப் பார்த்து, "என்னளா இப்படி மெலிஞ்சுட்ட? மெட்ராஸ்ல சோறு கிடையாதா?" என்றாள். நான் மெலியவே இல்லை. அத்தைமார் கண்ணுக்கு மட்டும் நாம் எப்போதும் மெலிந்துதான் தெரிவோம்.

முந்தின நாள் கோடை மழை பெய்திருந்தது. மழைக்கு மறுநாள் ராத்திரி வண்டும் பூச்சியும் வெளியே வரும், அவற்றைத் தேடி முள்ளெலியும் வரும் என்று அத்தான் சொன்னார். இரவு ஒன்பது மணிக்கு மேல் டார்ச் லைட்டோடு சின்னவனையும் என்னையும் பனங்காட்டு ஓரத்துக்கு அழைத்துப் போனார். "சத்தம் போடக்கூடாது, தொடக்கூடாது, லைட்டை மூஞ்சிக்கு நேரா அடிக்கக்கூடாது" என்று மூன்று கட்டளைகள். அரை மணி நேரம் கொசுக்கடி. அப்புறம் உடைமரத்தடியில் சருகு சரசரத்தது.

பெரிய மாங்காய் அளவுதான் இருந்தது! அரையடிகூட நீளமில்லை. கால் கிலோ எடை இருந்தால் அதிகம். கூரான மூக்கை மண்ணில் வைத்து மோந்து மோந்து நடந்தது. ஒரு வண்டைப் பிடித்து மொறுக் மொறுக்கென்று தின்றது எங்களுக்கே கேட்டது. சின்னவன் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். அவன் கால் பட்டு ஒரு சுள்ளி முறிந்ததுதான் தாமதம், அது தலையையும் காலையும் உள்ளே இழுத்துக்கொண்டு பந்தாகச் சுருண்டுவிட்டது. மூக்கும் தெரியவில்லை, முகமும் தெரியவில்லை. முள்ளு உருண்டை ஒன்றுதான் கிடந்தது.

நம் சுருக்குப் பையின் கயிற்றை இழுத்தால் வாய் மூடிக்கொள்ளும் அல்லவா? அதே வித்தைதான். அதன் தோலுக்கடியில் சுற்றிலும் ஒரு தசை ஓடுகிறது. அதை இறுக்கியதும் முள் உள்ள தோல் மொத்தமும் பை மாதிரி உடம்பை மூடிக்கொள்கிறது. முள் ஒவ்வொன்றும் விரல் நுனி நீளத்துக்கு மேல் இல்லை. முள்ளம்பன்றியின் முள்போல் எளிதில் கழன்றும் வராது. பெரியது சண்டைக்கு நிற்கும். சின்னது சுருண்டு கிடந்து பொறுத்துக்கொள்ளும்.

நாங்கள் ஆடாமல் அசையாமல் நின்றோம். கொஞ்ச நேரத்தில் பந்து பிளந்து மூக்கு எட்டிப் பார்த்தது. அப்போதுதான் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். மூக்குப் பக்கம் கறுப்பு, நெற்றியில் வெளுப்பு. உச்சந்தலையில் முள்ளுக்கு நடுவே நேர்க்கோடாக ஒரு இடைவெளி. அச்சு அசலாக வகிடு எடுத்தது மாதிரி! எனக்குச் சீமந்தம் ஞாபகம் வந்துவிட்டது.

இதற்கு மெட்ராஸ் முள்ளெலி என்றே உலகம் முழுதும் பெயர். 1851-இல் ஹார்ஸ்ஃபீல்ட் என்ற விலங்கியல் அறிஞர் இதைப் பற்றி முதலில் எழுதினார். வயிற்றுப் பக்கம் மயிர் குறைவு என்பதால் 'வெறும் வயிற்றுக்காரன்' என்று பொருள்படும்படி லத்தீனில் பெயர் வைத்தார். தென்னிந்தியாவைத் தவிர உலகில் வேறு எங்கும் இது கிடையாது. தமிழ்நாட்டின் காய்ந்த காடுகள்தான் இதற்கு முக்கியமான வீடு.

பெயரில் எலி இருக்கிறதே தவிர, இது எலியே அல்ல. பல்லைப் பார்த்தால் தெரிந்துவிடும். கொறிக்கும் பல் கிடையாது. சின்னச் சின்னக் கூரிய பற்கள். தானியம் தின்னாது. வண்டு, கறையான், புழு, பூச்சி, கிடைத்தால் முட்டை, இவைதான் ஆகாரம். அதன் சொந்தக்காரர் யார் தெரியுமா? ராத்திரியில் கீச்சுக் கீச்சென்று சுவரோரம் ஓடுமே, நம் வீட்டு மூஞ்சூறு! பிள்ளையார் வாகனத்தின் பங்காளி என்று வைத்துக்கொள்ளுங்களேன். வயலில் பூச்சியைத் தின்று உழவனுக்கு உபகாரம்தான் செய்கிறது. ஒரு ஈற்றில் ஒன்றிரண்டு குட்டிதான் போடும்.

ஆக, எலி என்று பெயர் வைத்தது எலி அல்ல. பன்றி என்று பெயர் வைத்ததுதான் எலியின் உறவு. ஒன்று சைவம், பூச்சி தேடாது. மற்றது அசைவம், கிழங்கு தோண்டாது. ஒன்றன் முள் ஒரு சாண், கழன்று எதிரியைக் குத்தும். மற்றதன் முள் ஒரு விரற்கடை, கழலாமல் மூடிக் காக்கும். இரண்டுக்கும் பொதுவாக இருப்பது முள்ளும், வளையும், ராத்திரி சஞ்சாரமும்தான். வெளியில் முள் இருக்கிறது என்பதற்காக இரண்டையும் ஒன்றாக்கியது நாம் செய்த தப்பு.

"இதைத்தானேம்மா எதிர்வீட்டுப் பாட்டி கேட்டாங்க? கொன்னாத்தானே தோல் கிடைக்கும்?" என்று திரும்பி வரும் வழியில் சின்னவன் கேட்டான். எனக்கு வாய் எழவில்லை.

அத்தை வைத்திருந்த டப்பா

இனி, கை கால் சில்லிட்ட காரணத்தைச் சொல்கிறேன்.

1985-இல் எனக்கு ஐந்து வயது. ஊரில் நாலைந்து பிள்ளைகளுக்குக் கக்குவான் வந்தது. எனக்கும் வந்தது. மூச்சு விட இடமில்லாமல் அடுக்கடுக்காக இருமி, கடைசியில் ஊளையிடுவதுபோல் ஒரு மூச்சை உள்ளே இழுத்து, சாப்பிட்டதையெல்லாம் வாந்தி எடுப்பேனாம். ஆச்சி ஒரு தகர டப்பாவில் முள்ளெலித் தோல் வைத்திருந்தாள். அதைச் சுட்டு, கல்லில் உரசி, தேனில் குழைத்து என் நாக்கில் தடவினாள். இரண்டு மாதம் இருமி இருமி, ஒருநாள் நின்றுவிட்டது. "முள்ளெலித் தோல்தான் உன்னைக் காப்பாத்திச்சு" என்று சொல்லிச் சொல்லியே என்னை வளர்த்தார்கள். நானும் நம்பினேன். நாற்பது வருஷமாக நம்பினேன்.

எனக்கு ஒரு தம்பி இருந்தான். அப்போது அவனுக்கு நாற்பத்தைந்து நாள்.

மறுநாள் மத்தியானம் எல்லோரும் தூங்கும்போது அத்தையோடு திண்ணையில் உட்கார்ந்து பருத்திக்கொட்டை உலர்த்திக்கொண்டிருந்தேன். மெதுவாகக் கேட்டேன். "அத்தை, எனக்குக் கொடுத்த தோலைத் தம்பிக்குக் கொடுக்கலையா?"

அத்தை கை நின்றது. வெகுநேரம் பேசவில்லை.

"கொடுத்தோம்ளா. அதே தோல்தான். அதே கல்லுதான். உன் ஆச்சிதான் உரசினா. பச்சப்புள்ளைக்கு இருமக்கூடத் தெம்பில்ல. மூச்சு நின்னு நின்னு வந்துச்சு. உதடு நீலமாப் போச்சு. திருநெல்வேலிக்குப் பஸ்ல தூக்கிட்டுப் போனோம். பாளையங்கோட்டை தாண்டல..."

பிறகு அவளே சொன்னாள்: "உனக்குத் தோல் கேட்டுச்சு, அவனுக்கு ஏன் கேக்கலன்னு உன் அம்மா சாகிற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தா. அதுக்கப்புறம் அந்த டப்பாவை நான் தொறக்கல."

உள்ளே போய்ப் பரணில் இருந்து அந்த டப்பாவை எடுத்து வந்து என் மடியில் வைத்தாள். துருப்பிடித்திருந்தது. திறந்தோம். விரல் நீளத்துக்கு ஒரு காய்ந்த தோல், கொஞ்சம் முள். அவ்வளவுதான்.

அம்மா கேட்ட கேள்விக்கு இன்றைக்கு எனக்குப் பதில் தெரியும். தோல் எனக்கும் கேட்கவில்லை, தம்பிக்கும் கேட்கவில்லை. கக்குவான் ஒரு கிருமியால் வருகிறது. 1906-இலேயே அந்தக் கிருமியைப் பற்றி போர்டே, ஜாங்கு என்ற இரண்டு விஞ்ஞானிகள் எழுதிவிட்டார்கள். இருமும்போது தெறிக்கும் துளியில் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தாவும். தம்பிக்கு என்னிடமிருந்துதான் தாவியிருக்க வேண்டும். முதல் ஒன்றிரண்டு வாரம் வெறும் ஜலதோஷம் மாதிரி இருக்கும். அப்புறம்தான் அந்த அடுக்கு இருமல். வளர்ந்த குழந்தைகளுக்கு அது இரண்டு மூன்று மாதம் படுத்தி எடுத்துவிட்டுத் தானாகவே அடங்கும். அடங்குகிற சமயத்தில் நாக்கில் எது இருந்ததோ அதற்குப் பெயர் கிடைத்துவிடுகிறது. ஆனால் கைக்குழந்தைக்கு ஊளைச் சத்தமே வராமல் போகலாம். மூச்சு மட்டும் நின்று நின்று வரும். முகம் நீலம் பாரிக்கும். அது வீட்டில் வைத்துப் பார்க்கிற வியாதி அல்ல.

அந்தத் தோலிலும் முள்ளிலும் என்னதான் இருக்கிறது? முள்ளெலி முள்ளானாலும் சரி, முள்ளம்பன்றி முள்ளானாலும் சரி, நம் நகமும் தலைமயிரும் எதனால் ஆனதோ அதே கெரட்டின்தான். நாம் வெட்டிப் போடுகிற நகத்தை உரசித் தேனில் குழைத்துக் குழந்தைக்குக் கொடுப்போமா? போதாக்குறைக்குத் தேன் வேறு. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் விஷம் பச்சைக் குடலுக்குத் தாங்காது.

தம்பி போன அதே 1985-இல்தான் நம் தேசத்தில் எல்லாக் குழந்தைகளுக்கும் தடுப்பூசி என்ற திட்டம் ஆரம்பமானது. எங்கள் வீட்டுக்கு அது கொஞ்சம் பிந்தி வந்தது.

திரும்பி வந்த பிறகு

அம்பத்தூருக்கு வந்ததும் எதிர்வீட்டுக்குப் போனேன். "கிடைச்சுதா?" என்று மாமி ஆவலாகக் கேட்டார். டப்பாவை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். திறந்து பார்த்து, "இவ்வளவு பழசா இருக்கே, புதுசு இல்லியா?" என்றார். நான் உட்கார்ந்து தம்பியின் கதையை முதலிலிருந்து கடைசி வரை சொன்னேன். இந்த இருபத்துநாலு வருஷத்தில் அம்பத்தூரில் யாரிடமும் நான் சொல்லாத கதை. உள்ளே குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த மருமகள் எழுந்து வந்து கதவோரம் நின்று கேட்டாள்.

"ஊசியெல்லாம் போட்டாச்சா?" என்றேன்.

மாமியும் மருமகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆறாவது வாரத்து ஊசிக்குப் போகவில்லையாம். ஊசி போட்டால் காய்ச்சல் வரும் என்று பயந்து ஒத்திப்போட்டார்கள். அப்புறம் சளி பிடித்தது, அதனால் இன்னும் ஒத்திப்போட்டார்கள்.

அந்தப் புதன்கிழமையே மாநகராட்சி சுகாதார நிலையத்துக்கு நானும் கூடப் போனேன். நர்ஸம்மா ஒரு வார்த்தை கோபிக்கவில்லை. "லேட்டானா என்ன, இன்னிக்கே ஆரம்பிச்சுடலாம். லேசான சளிக்கு ஊசியைத் தள்ளிப் போடவேண்டாம்" என்றார். காசு கிடையாது. அன்று சாயங்காலம் குழந்தைக்குக் கொஞ்சம் காய்ச்சல் அடித்தது. அவர் கொடுத்த மருந்திலேயே மறுநாள் சரியாகிவிட்டது.

இளம் தாய்மார்களுக்காக அவர் சொன்னதை இங்கே எழுதிவிடுகிறேன். கக்குவான், தொண்டை அடைப்பான், ரண ஜன்னி உட்பட ஐந்து வியாதிகளைத் தடுக்கும் ஊசி ஒன்று இருக்கிறது. 2011-இல் இந்தியாவிலேயே முதன்முதலாகத் தமிழ்நாட்டிலும் கேரளாவிலும்தான் அதைக் கொடுக்க ஆரம்பித்தார்கள். குழந்தைக்கு 6, 10, 14 வாரங்களில் மூன்று முறை போடவேண்டும். கக்குவானுக்கு மறுபடி ஊக்க ஊசி உண்டு: பதினாறாம் மாதத்திலிருந்து இரண்டு வயதுக்குள் ஒன்று, ஐந்து ஆறு வயதில் ஒன்று. முதல் ஊசிக்கு முன்னால் குழந்தைக்குக் காவல் நாம்தான். இருமுகிறவர்கள், அது பாட்டியே ஆனாலும், கைக்குழந்தையைக் கொஞ்ச வேண்டாம். கைக்குழந்தை இருமும்போது மூச்சு நின்றாலோ, நிறம் மாறினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ ஒரு நிமிஷமும் காத்திராமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

அந்தச் சின்னப் பிராணியையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள். 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டப்படி முள்ளெலியையோ முள்ளம்பன்றியையோ பிடிப்பதும் கொல்வதும் குற்றம். ஆனாலும் தோலுக்காகப் பிடிக்கிறார்கள். காடு வீட்டு மனையாகிறது. ராத்திரியில் சாலையைக் கடக்கும்போது சுருண்டு பந்தாகி லாரிச் சக்கரத்துக்கு இரையாகிறது. சிறுத்தைக்குப் பலித்த வித்தை லாரிக்குப் பலிக்குமா? 2025-இல் தமிழக அரசு அருகிவரும் நான்கு உயிரினங்களைக் காக்கத் தனியாகப் பணம் ஒதுக்கியபோது, அதில் மெட்ராஸ் முள்ளெலியையும் சேர்த்திருக்கிறது. கேட்கச் சந்தோஷமாக இருந்தது. நாம் தோலைக் கேட்காமல் இருந்தாலே அதற்குப் பாதி பாதுகாப்பு.

டப்பாவை என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். எதிர்வீட்டு மாமியே வாங்கி, எங்கள் வாசல் வேப்பமரத்தடியில் சின்னவனை விட்டுக் குழி தோண்டச் சொல்லிப் புதைத்தார். சீமந்தத்து முள் மட்டும் அவர்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது.

"அது எந்த முள்ளுன்னு ஞாபகம் இருக்கா மாமி?" என்று சின்னவன் அடிக்கடி போய்ப் பரீட்சை வைக்கிறான்.

"முள்ளம்பன்றிடா. எலி ஜாதி" என்று மாமி கரெக்டாகச் சொல்கிறார்.

குழந்தைக்குப் பத்தாவது வாரத்து ஊசிக் கணக்கில் இரண்டாவது ஊசியும் போட்டாயிற்று. அட்டையை மருமகள் பூஜை அலமாரியிலேயே வைத்திருக்கிறாள்.